முட்டை அலமாரிக்குப் பூட்டு

"எங்கப்பா என்ன திருடனா? அலமாரிக்குப் பூட்டு போட்டு வச்சிருக்கே?"

கேசா இன்னும் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. வட ஜெர்மனியின் எம்டன் நகரிலிருந்து ஞாயிற்றுக்கிழமை டீக்கு வந்தவள், வந்ததும் வராததுமாகத் தம்பி மனைவியைப் பிடித்துக்கொண்டாள்.

டோம்மா கோப்பைகளில் கற்கண்டைப் போட்டபடி தலையைக் குனிந்துகொண்டாள்.

"அடிக்கடி திறந்தா சூடு போயிடும் அண்ணி. முட்டைக்கு ஆகாது."

"அப்பா திறந்தா போற சூடு, நீ திறந்தா மட்டும் போகாதா?"

டோம்மா அடுத்த கோப்பையை எடுத்தாள்.

டோம்மா ஆசையாக வளர்த்த பச்சோந்தி, முட்டையிட்ட கையோடு செத்துப்போயிருந்தது. அந்த முட்டைகளை ஒரு டப்பாவில் ஈர மண்ணில் பாதி புதைத்து, அலமாரிக்குள் இளஞ்சூட்டில் வைத்திருந்தாள். அவளுக்கு இதுதான் முதல் தடவை. பொரிய மாதக்கணக்கில் ஆகும்.

அந்தச் சமயத்தில்தான் மாமனார் ஓன்னோ இங்கே வந்து சேர்ந்தார். காலமெல்லாம் கோழி வளர்த்த மனிதர். ஒருநாள் கூண்டுக் கதவைத் தாழ்ப்போட மறந்துவிட்டார். நரி ஒரு கோழியைக்கூட மிச்சம் வைக்கவில்லை. அதிலிருந்து மனிதர் பாதியாகிவிட்டார். "என் கை பட்டா எதுவும் தங்காது" என்று ஒரே பேச்சு. சாப்பாடும் இறங்கவில்லை. பயந்துபோய்த்தான் மகன் கூட்டி வந்தான்.

முட்டைகளைப் பார்த்த பிறகுதான் அந்த முகம் கொஞ்சம் தெளிந்தது. பூட்டு விழுந்ததும் மறுபடி வாடிவிட்டது.

"காலையிலயும் சாயங்காலமும் பூ மாதிரி திருப்பி வச்சேன் கேசா," என்றார் ஜன்னலோரத்திலிருந்து. "மெஷின்ல வைக்கிற முட்டையைத் திருப்பாட்டி குஞ்சு ஓட்டோட ஒட்டிக்கும். இவளுக்கு அதெல்லாம் எங்கே தெரியுது? திடீர்னு ஒரு நாள் பூட்டிட்டா. என் கையை நம்பலை போல."

டோம்மா பால் ஆடை எடுக்கும் சாக்கில் சமையலறைக்குப் போனாள். கேசா விடவில்லை, பின்னாலேயே போனாள்.

"பச்சோந்தி வளர்த்து வளர்த்து நீயும் நிறம் மாறிட்டே. அந்த ஒரு வேலைதான் அவருக்கு உசிரைக் குடுத்துது. அதையும் பிடுங்கிட்டே. எங்க வீட்டு மாடி ரூம் தயாரானதும் அப்பாவைக் கூட்டிட்டுப் போயிடறேன்."

"வேண்டாம் அண்ணி. குஞ்சு பொரியறதை அவர் பார்க்கணும்."

"பூட்டின கதவைப் பார்த்துக்கிட்டு உட்காரணுமா?"

டீ மேஜைக்குத் திரும்பிய கேசா ஒரே கோப்பை குடித்துவிட்டு எழுந்துவிட்டாள். அந்த ஊரில் மூன்று கோப்பை குடிக்காமல் எழுந்தால் சண்டை என்று அர்த்தம்.

மாடி அறை தயாராகி, அப்பாவை அழைத்துப்போக அவள் காரோடு வந்த அன்று, வாசலிலேயே ஓன்னோவின் சிரிப்பு கேட்டது. அந்தச் சிரிப்பைக் கேட்டு வருடமாகிவிட்டது.

அலமாரி விரியத் திறந்து கிடந்தது. ஓட்டைக் கீறிக்கொண்டு, தீக்குச்சி நீளத்தில் பச்சைக் குஞ்சுகள் ஒவ்வொன்றாக வெளியே வந்துகொண்டிருந்தன.

"பார்த்தியா கேசா? நான் திருப்பி விட்டது வீண் போகலை. நான் எங்கேயும் வரலை, இதுங்களை யார் பார்த்துக்கிறது?" என்றவர், மருமகள் பக்கம் திரும்பினார். "நடுவுல நீ பூட்டினியே, அதனாலதான் ரெண்டு பொரியலை. அடுத்த தடவை பூட்டாதே."

"தப்புதான் மாமா."

"தப்புன்னு இப்ப சொல்லு," என்று கேசா ஆரம்பிக்கும்போது அழைப்பு மணி அடித்தது. அவளே போய்த் திறந்தாள்.

கையில் ஜாடியோடு ஒருவர் நின்றிருந்தார். ஜாடிக்குள் பொடிப்பொடியாய்ப் பழ ஈக்கள்.

"நான் உப்பன், பக்கத்து ஊர்ல பச்சோந்தி வளர்க்கிறேன். பொரிஞ்சிடுச்சுன்னு டோம்மா போன் பண்ணினாங்க. குஞ்சுக்குத் தீனி கொண்டாந்தேன். என் முட்டையாச்சே, ஒரு எட்டு பார்த்துட்டுப் போயிடறேன்."

"உங்க முட்டையா?"

"ஆமா, அவங்க வச்சிருந்தது எல்லாம் சுருங்கிப் பூஞ்சை பிடிச்சிடுச்சே. இது கோழி முட்டை மாதிரி இல்லைங்க. வச்சதை வச்ச மாதிரி விட்டுடணும். திருப்பினா உள்ளேயே செத்துடும். யார் திருப்பினதுன்னு கேட்டேன். 'நான்தான், எனக்கு இது புதுசு'ன்னு ஒரே அழுகை. அதே வயசு முட்டைதான் வேணும்னு பிடிவாதமா நின்னு வாங்கிட்டு வந்தாங்க."

கேசா திரும்பிப் பார்த்தாள். உள்ளே அப்பா, முட்டையை எந்தப் பக்கமாகத் திருப்ப வேண்டும் என்று மருமகளுக்கு விளக்கிக்கொண்டிருந்தார். டோம்மா "சரி மாமா, சரி மாமா" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

உப்பன் ஷூவை மிதியடியில் தேய்த்துவிட்டு உள்ளே காலெடுத்து வைத்தார். கேசா வாசலை மறித்துக்கொண்டாள்.

"இன்னிக்கு வேண்டாங்க. தப்பா நினைச்சுக்காதீங்க. இன்னொரு நாள் நானே கூப்பிடறேன்."

ஜாடியை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினாள்.

"யாரும்மா அது?" ஓன்னோவின் குரல்.

"குஞ்சுக்குத் தீனி கொண்டாந்தவர்ப்பா."

"நான் திருப்பி விட்டுத்தான் பொரிஞ்சுதுன்னு சொன்னியா?"

"சொன்னேன்ப்பா," என்றாள் கேசா. "ரொம்ப ஆச்சரியப்பட்டார்."