இறக்கம்

அவன் கால் தரை வரை போய்த் திரும்பியதை அவள் பார்த்துவிட்டாள்.

ஒரு தடவை அல்ல. மிதித்தான், விட்டான், மறுபடி மிதித்தான். பிரேக் பஞ்சு மாதிரி அமுங்கியது. வண்டி அதைக் கண்டுகொள்ளவில்லை.

கோத்தகிரியிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். இடதுபுறம் மலை. வலதுபுறம் வெறும் வானம்.

பின்சீட்டில் வெள்ளிங்கிரி பேசிக்கொண்டே வந்தார். அவளுடைய அக்கா கோகிலாவின் புருஷன். கோகிலாவும் பக்கத்தில் இருந்தாள்.

"ஏனுங் சகலை, காலைல ஏத்தத்துல என்னையவே தாண்டிப் போயிட்டீங்களே. இந்த இஞ்சினுக்குள்ள அப்படி என்னத்த வெச்சீங்க?"

அதைத் தெரிந்துகொள்ளத்தான், கல்யாண வீட்டிலிருந்து திரும்பும்போது தன் பெரிய வண்டியை டிரைவரிடம் விட்டுவிட்டு இதில் ஏறியிருந்தார்.

ஓட்டிக்கொண்டிருந்த பூபதி சிரித்தான். உதடு மட்டும்.

போன வருஷம் இதே மலையில் இந்தச் சின்ன வண்டி பாதி ஏற்றத்தில் திணறி நின்றது. எல்லோரும் இறங்கி நடந்தார்கள். வெள்ளிங்கிரி பக்கத்தில் வண்டியை மெதுவாக்கி, கண்ணாடியை இறக்கி, "தள்ளிவிடட்டுங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

பூபதி அன்று இரவு சாப்பிடவில்லை.

அதற்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட அவன் வீட்டில் இல்லை. உக்கடத்துப் பழைய சாமான் கடைகளில் கிடந்தான். காற்று வடிகட்டி மாறியது. சைலன்ஸர் மாறியது. கார்புரேட்டரைப் பிரித்து, பெட்ரோல் பீய்ச்சும் ஜெட்டை மாற்றி, மறுபடி பூட்டினான். யாரோ கழற்றிப் போட்ட அகல டயர்கள் வந்தன. எடை குறையட்டும் என்று ஸ்டெப்னியைக்கூட வீட்டில் இறக்கி வைத்தான்.

"அப்படியே பிரேக்கையும் பாத்துருங்க" என்று அவள் சொல்லியிருந்தாள்.

"அது நிக்கத்தான செய்யுது" என்றான் அவன்.

வளைவு வந்தது.

அவன் ஹாரனை அழுத்தியபடியே திருப்பினான். டயர்கள் கீச்சிட்டன. கோகிலா அவள் சீட்டின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

"மெதுவாத்தான் போங்களேன்."

"அட, ஓட்டட்டும் கோகி" என்றார் வெள்ளிங்கிரி. "வண்டி ரோட்டைப் புடிக்கறதப் பாரு."

பூபதியின் காதோரம் வியர்வை வழிந்தது. குளிர் காற்று ஜன்னல் வழியாக அடித்துக்கொண்டிருந்தது.

அவள் அவனைப் பார்த்தாள். சொல்லுங்க.

அவன் ரோட்டைப் பார்த்தான்.

சொல்லமாட்டான் என்று புரிந்தது. இவர் பின்னால் இருக்கும்வரை சொல்லவே மாட்டான்.

"என்ன கருகற வாசம்?" என்றாள் கோகிலா.

"பக்கத்துல தேயிலை ஃபேக்டரி இருக்கும்" என்றார் வெள்ளிங்கிரி.

அடுத்த வளைவுக்கு அப்பால் பஸ் ஒன்று முக்கிக்கொண்டு ஏறி வரும் சத்தம் கேட்டது.

அவள் தன் கையை ஹேண்ட்பிரேக் மேல் வைத்தாள். முந்தானை அதை மறைத்தது.

"என்னங்க" என்றாள். "எனக்குக் குமட்டுது. கியரைக் குறைச்சு மெல்ல ஓரம் கட்டுங்க."

அவன் திரும்பவில்லை. ஆனால் கேட்டுவிட்டான். அவளுக்குக் குமட்டவில்லை என்பதும் அவனுக்குக் கேட்டுவிட்டது.

மூன்றாவதிலிருந்து இரண்டாவதற்கு இழுத்தான். இஞ்சின் அலறியது. புது சைலன்ஸர் அந்த அலறலை மலை முழுக்கக் கொண்டுபோனது. எல்லோரும் முன்னால் சரிந்தார்கள். அவள் ஹேண்ட்பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே இழுத்தாள். பின்சக்கரம் இழுபட்டு நடுங்குவது அவள் கைக்குத் தெரிந்தது.

பஸ்ஸின் முகம் கண்ணாடி முழுக்க நிறைந்தது.

இடதுபக்கம் ஒட்டினான். பஸ்ஸின் வெப்பம் அவர்களைத் தடவிக்கொண்டு போனது. இந்தப் பக்கம் மண்சுவர் கதவை நீளமாகக் கீறியது.

சுவர் முடிந்த இடத்தில் எஸ்டேட்டுக்குள் ஏறிப்போகும் ஒரு மண்பாதை.

முதல் கியர். திருப்பினான்.

வண்டி துள்ளிக்கொண்டு ஏறியது. கற்கள் அடிவயிற்றில் மோதின. ஏற ஏற வேகம் செத்தது. தேயிலைச் செடிகளுக்கு நடுவே ஒருமுறை குலுங்கி நின்றது.

அவள் ஹேண்ட்பிரேக்கை முழுவதுமாக இழுத்தாள். விரல்கள் பிரிய மறுத்தன.



பிறகு கோகிலா இறங்கி வந்து அவள் கதவைத் திறந்தாள். தண்ணீர் பாட்டிலைக் கையில் கொடுத்தாள். அவள் இறங்கி ஒரு செடியைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றாள். அக்கா முதுகை நீவிவிட்டாள். அவள் வாய் கொப்பளித்தாள். நடிப்பது சுலபமாக இருந்தது.

வெள்ளிங்கிரி இறங்கிக் கதவுப் பக்கம் வந்தார். கீறலைத் தடவிப் பார்த்தார்.

"போகுது விடுங்க சகலை. பொண்டாட்டிக்கு முடியலைன்னா யாருக்கும் கை பதறத்தான் செய்யும்." கையை நீட்டினார். "நீங்க அம்மிணி பக்கத்துல பின்னாடி உக்காருங்க. சாவியக் குடுங்க, நான் இறக்கறேன். இந்த வண்டிய ஒருக்கா ஓட்டிப் பாக்கோணும்."

பூபதி அவளைப் பார்த்தான்.

இன்னும் குமட்டுகிறது என்று சொல்லலாம். நடந்து போகலாம், பஸ் பிடிக்கலாம் என்று சொல்லலாம். ஏதாவது ஒன்று அவளுக்குக் கிடைத்திருக்கும்.

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

முதுகுக்குப் பின்னால் சாவிக்கொத்து குலுங்கும் சத்தம் கேட்டது. வெள்ளிங்கிரியின் செருப்பு ஓரடி முன்னால் வந்தது.

செடியைப் பிடித்திருந்த அவள் கை இறுகியது.

"சகலை" என்றான் பூபதி. "ஒரு நிமிஷம் இப்படி வாங்க."

அவள் திரும்பிப் பார்த்தாள். அவன் முன்சக்கரத்துக்குப் பக்கத்தில், மண்ணில், குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். சக்கரத்துக்குள்ளிருந்து புகை வந்துகொண்டிருந்தது.

அப்போதுதான் அவளுக்கு உண்மையாகவே வாந்தி வந்தது.