சூடேறாத எஞ்சின்

இத்தாலியின் மொதெனா நகரில் ஜனவரிப் பனிமூட்டம் இன்னும் கலையவில்லை. எதிர்வீட்டு எர்மெஸ் தன் காரேஜ் வாசலில் வெறுங்கையோடு நிற்கிறான். சாவி அவன் மனைவியாக இருந்த நொர்மாவிடம் இருக்கிறது. விவாகரத்தில் வீடே வேண்டாம், காரைக் கொடுங்கள் என்று கேட்டு வாங்கியிருக்கிறாள். அறுபத்தேழாம் வருடத்துக் கார், பன்னிரண்டு சிலிண்டர், ஒயின் நிறம், மழையே படாத உடம்பு. இருபத்திரண்டு வருடம், ஞாயிறுதோறும், அதன் எஞ்சின் எண்ணெய் சூடேறும்வரை அவள் இதே வாசலில் நடுங்கிக்கொண்டு நின்றதை என் சன்னலிலிருந்து பார்த்திருக்கிறேன். அவள் வாயைத் திறந்தால் போதும், “உஷ், பேசாத. எஞ்சின் சத்தத்தக் கேக்குறேன்” என்பான். அவள் தன் அம்மா இறந்த செய்தியோடு ஓடிவந்த காலையிலும் அதையேதான் சொன்னான். இன்று அவள் சேறு அப்பிய பூட்ஸைக் கழற்றாமலே வெண்ணெய் நிறத் தோல் இருக்கையில் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருகுகிறாள். இரண்டு முறை இருமிவிட்டு எஞ்சின் பிடித்துக்கொள்கிறது. வெள்ளைப் புகை அவன் முழங்காலைச் சுற்றுகிறது. “நொர்மா, அவசரப்படாத. எண்ணெய் தேனாட்டம் கெட்டியா கெடக்கு, இப்ப மிதிச்சா உள்ள எல்லாம் தேஞ்சு போயிரும். கால் மணி நேரம் பொறு, உனக்குப் புண்ணியமாப் போகும்!” அவள் கார்க் கதவின் கண்ணாடியை நிதானமாக இறக்குகிறாள். “இருபத்திரண்டு வருஷம் பொறுத்தாச்சே, எர்மெஸ்” என்று சொல்லிவிட்டு, ஆக்ஸிலேட்டரை அடிவரைக்கும் மிதிக்கிறாள். கார் அலறுகிறது. என் கையில் காப்பிக் கோப்பை அதிர்கிறது. அவன் இரண்டு கையாலும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு என்னவோ கத்துகிறான். அவள் காலை எடுக்காமலே, சுட்டுவிரலை உதட்டின்மேல் வைக்கிறாள்.