மூன்று புடவையும் இரண்டு பாம்பும்

பாம்புகள் இரண்டும் ஆள் இடுப்பு உயரத்துக்கு எழும்பி, கயிறு திரிப்பதுபோல் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டு நின்றன.

"தம்பி, அசையாதீங்க" என்றார் கருப்பையன். சுங்கச் சாவடிச் சேவகர். காக்கி அரைக்கால்சட்டை, காக்கிச் சட்டை, நல்ல மீசை.

பஞ்சநாதன் அசையவில்லை. பாம்பு கடித்தால் பிழைத்துக்கொள்ளலாம். அசைந்தால் புடவை நழுவிவிடும்.

அவன் வேட்டிக்குள்ளே, இடுப்பைச் சுற்றி, மூன்று நைலான் புடவைகள் இருந்தன.

காரைக்காலில் பிரெஞ்சுக்காரன் இன்னும் இருந்தான். அங்கே கடைத்தெருவில் தொங்குகிற நைலான், நண்டலாற்றைத் தாண்டி இந்திய யூனியனில் கால் வைத்ததுமே கள்ளச்சரக்காகிவிடும். பஞ்சநாதனின் அக்கா பெரியநாயகிக்கு நாளைக் காலை மாயவரத்தில் கல்யாணம். மாப்பிள்ளையின் அம்மாவுக்கு ஒன்று, தங்கைகள் இருவருக்கும் ஒவ்வொன்று, ஆக மூன்று நைலான் வந்து சேராவிட்டால் பிள்ளை மணவறைக்கு வரமாட்டான் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். வேறு எதுவும் கேட்கவில்லை, கௌரவமான குடும்பம்.

பெண்கள் நேற்றே பஸ்ஸில் போய்விட்டார்கள். சாவடியில் பெட்டியைத் திறந்து, முறுக்கு டின்னில் முழங்கை வரை விட்டுத் துழாவிவிட்டுத்தான் அனுப்பினார்களாம்.

அதனால் நைலான் மட்டும் காரைக்கால் பக்கத்துத் தருமபுரத்திலிருந்து கால்நடையாக, சவுக்குத் தோப்பு வழியே, தம்பியின் இடுப்பில் வந்தது.

யாராவது கேட்டால் சொல்ல ஒரு காரணம் வைத்திருந்தான். கல்லூரியில் தாவரவியல், பங்குனிப் பூக்களைப் பறித்துத் தாளில் ஒட்டிக் கொடுக்க வேண்டும். இதில் பொய்யே கிடையாது. கையில் அட்டை, அட்டைக்குள் பழைய தினசரித் தாள், அதற்குள் நசுங்கிய நெருஞ்சி.

ஆற்றைத் தாண்டியதும் கருப்பையன் பிடித்துக்கொண்டார். என்ன படிப்பு, எந்த ஊர், அப்பா பேர் என்ன என்று கேட்டார். கேட்டுவிட்டுப் போயிருக்கலாம். கூடவே நடந்தார்.

நடந்ததோடு விட்டாரா? பூக்களைக் காட்டவும் ஆரம்பித்தார்.

"அந்தா, கிலுகிலுப்ப. பறிச்சுக்குங்க. இது விஷ்ணுகிரந்தி, இதையும் வச்சுக்குங்க. படிக்கிற புள்ள, கூச்சப்படலாமா?"

ஒவ்வொரு பூவுக்கும் ஒருமுறை குனிய வேண்டும். ஒவ்வொரு முறை குனியும்போதும் நைலான் ஒரு விரற்கடை இறங்கும். அந்தத் துணி காற்றையும் விடாது, பிடிப்பையும் தராது. அரை மைலில் பஞ்சநாதன் ஒன்பது பூ பறித்திருந்தான். மூன்றாவது புடவை தொடைக்கு வந்திருந்தது.

பத்தாவது பூவுக்குப் பதிலாகத்தான் இந்தப் பாம்புகள்.

"சாரையும் நல்லதும் பின்னிக்கிட்டு நிக்குது, பாத்தீங்களா?" கருப்பையனின் குரல் தழுதழுத்தது. "மேல துணியப் போட்டு எடுத்து வீட்டுல வச்சா, ஏழு தலைமுறைக்கு லட்சுமி நகரமாட்டா. இருவத்தோரு வருசமா இந்தத் தோப்புல சுத்தறேன், இன்னைக்குத்தான் கண்ணுல காட்டுறா."

சொல்லிவிட்டுத் தன் காக்கியைப் பார்த்தார். அது சர்க்கார் சொத்து. பிறகு பஞ்சநாதனின் வேட்டியைப் பார்த்தார்.



"ரெண்டுமே சாரைங்க. ரெண்டும் ஆணு. சண்ட போடுது" என்றான் பஞ்சநாதன். காலேஜில் படித்தது இப்படி ஒரு நேரத்தில் உதவும் என்று நம்பினான்.

"கட்டிப்புடிச்சுக்கிட்டா? எங்க ஆபீசருங்க சண்டைய நான் பாத்திருக்கேன் தம்பி. இப்படி இருக்காது."

"என் சட்டைய வேணும்னா..."

"தைச்ச துணி ஆகாது."

ஓடலாம். பத்தடிக்குள் நைலான் காலில் சுற்றிக் குப்புறத் தள்ளிவிடும். மாட்டேன் என்று சொல்லலாம். வருகிற லட்சுமியை வேண்டாம் என்கிறவன் இடுப்பில் என்ன இருக்கும் என்பதைச் சுங்கத்தில் சேர்ந்த முதல் வாரத்திலேயே சொல்லிக்கொடுத்திருப்பார்கள்.

பாம்புகள் தொப்பென்று சருகில் விழுந்து, மறுபடி எழும்பின.

"சீக்கிரம் தம்பி! பிரிஞ்சுடப்போவுது!"

மாயவரத்தில் இந்நேரம் அக்கா மருதாணிக் கையை விரித்து வைத்துக்கொண்டு, வாசலில் யார் வந்தாலும் எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பாள். தம்பி வரமாட்டான். தம்பியைப் பிடித்த செய்தி வரும். அதைக் கேட்டுவிட்டு அந்தக் கௌரவமான குடும்பம் என்ன செய்யும் என்று யோசிக்க அவனுக்குத் தைரியம் வரவில்லை.

கண்ணை மூடிக்கொண்டு வேட்டி முடிச்சில் கை வைத்தான். அவிழ்த்தான். ஒரு சுற்று தளர்ந்தது.

"அட, இதையா? இது பழசு தம்பி. கோடித் துணியாப் போட்டாத்தான் பலிக்கும்."

பஞ்சநாதன் கண்ணைத் திறந்தான்.

கருப்பையன் பாம்புகளை விட்டுப் பார்வையை எடுக்காமலே கையை நீட்டினார்.

"உள்ள சுத்தியிருக்கிற மூணுல ஒண்ண உருவிக் குடுங்க. எங்க அக்காதான் உங்கள சாவடில மாட்டாமக் கூட்டியாரச் சொன்னா. அவகிட்ட நான் சொல்லிக்கிறேன். நிச்சயதார்த்தத்துக்கு லீவு குடுக்கல, அதான் உங்களுக்கு என்னத் தெரியல. நாளைக்கு மாப்பிள்ளைக்கு மால போடுற தாய்மாமன் நான்தான்."

பாம்புகள் பிரிந்து, ஆளுக்கொரு திசையாகச் சருகுக்குள் போய்விட்டன.

நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது.