மரத்துக்குப் பின்னால்

"உன் பொண்ணுக்குக் கிடைக்காம வேற யாருக்குக் கிடைக்கும்? நீயே அங்க படிச்சவ!"

தைக்கக் கொடுத்த ஜாக்கெட்டை வாங்க வந்த கட்-ஆஃப் அக்கா, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேவிட்டாள். ஜாக்கெட் ஒரு சாக்கு. எந்தக் காலேஜ் போன வருஷம் எந்த மார்க்கோடு கதவைச் சாத்தியது என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். தெருவில் எந்தப் பெண் பள்ளிப் படிப்பை முடித்தாலும், பெற்றவர்களுக்கு முன்னால் இவள் கணக்குப் போட்டு முடித்துவிடுவாள். அவளுடைய மகன் மட்டும் எந்தக் கணக்கிலும் அடங்காமல் வீட்டில் தூங்கிக்கொண்டிருக்கிறான். அது வேறு கதை.

தையல்காரி மிஷினை நிறுத்தவில்லை.

"அதெல்லாம் பெரிய இடம்க்கா. இவ பக்கத்துல இருக்கிற காலேஜ்லயே படிக்கட்டும்."

"இது என்ன கூத்து! ஊர்லயே பேர் போன பொம்பளைப் பிள்ளைங்க காலேஜ். ஆயிரம் பேர் போட்டாலும் பொறுக்கித்தான் எடுப்பாங்க. உன் பொண்ணுக்கு மார்க் கொஞ்சம் பத்தல, ஒத்துக்கிறேன். ஆனா பழைய மாணவியோட மகள்னா அஞ்சு மார்க் சேர்த்துப் போடுவாங்க. வீட்ல யாருமே காலேஜ் படி ஏறலேன்னா பத்து. அது உங்களுக்கு வராது, விடு. இன்டர்வியூ அன்னைக்கு நீ கூடப் போய் நின்னு, 'நானும் இங்கதான் படிச்சேன்'னு ஒரு வார்த்தை சொல்லு. சீட்டு கையில!"

மிஷின் ஒரு கணம் தடுமாறியது. தையல் கோணிக்கொண்டு போனது.

"அன்னைக்குக் கல்யாணத் துணி கொடுக்கணும்க்கா. நான் வர முடியாது."

அக்காவுக்கு மூக்கில் வியர்த்துவிட்டது. வியர்க்காதா பின்னே? தையல்காரி வாயால் அந்தக் காலேஜ் பெருமையைக் கேட்டுக் கேட்டே வளர்ந்த தெரு இது. குழாயடியில் நின்றால் அந்த மணிக்கூண்டு. துணிக்கு அளவெடுத்தால் அந்த மேல்மாடி வராந்தா. வாசலில் உட்கார்ந்தால் கேட்டுக்கு உள்ளே நிற்கும் மஞ்சள் பூ மரம், அதன் அடியில் சிரித்துக்கொண்டு நிற்கும் பெண்கள். "ரெண்டாவது வருஷம் கல்யாணம் பண்ணிட்டாங்க, இல்லேன்னா..." என்று ஒரு பெருமூச்சோடு தையல்காரி நிறுத்துவாள். மகளோடு கடைவீதிக்குப் போனாலும் பஸ்ஸில் ஜன்னலோரம்தான் வேண்டுமென்று அடம். காலேஜ் வந்ததும், "அதோ, என் கிளாஸு!" என்று மேலே கை நீட்டுவாள். பின்சீட்டில் இருப்பவர்களும் சேர்ந்து பார்ப்பார்கள்.

அப்பேர்ப்பட்டவள், மகள் அங்கே போகிறாள் என்றதும் ஏன் பம்முகிறாள்?

"கேக்குறேன்னு தப்பா எடுத்துக்காத. பெத்த பொண்ணு உன்னைத் தாண்டிப் போயிடுவாளோன்னு பயமா?" என்றாள் அக்கா.

தையல்காரியின் முகம் செத்துவிட்டது. மூலையில் கொக்கி தைத்துக்கொண்டிருந்த மகள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"அம்மாவுக்கு வேலை இருக்கு அக்கா. நான் தனியாவே போயிட்டு வர்றேன்."

"என்னமோ போங்க. அஞ்சு மார்க்கைத் தூக்கித் தெருவுல போடுறீங்க!"

இன்டர்வியூ நாள் காலையில் தையல்காரி வாசல்வரை வந்தாள். 'நானும் வரட்டுமா' என்று கேட்கத்தான் வாயைத் திறந்தாள்.

"தண்ணி பாட்டில் எடுத்துக்கிட்டியா?" என்றுதான் வந்தது.

கல்யாணத் துணி அன்று முழுக்க அவளிடம் பாடாய்ப் பட்டது. ஜாக்கெட்டின் வலக்கையை இடப்பக்கம் வைத்துத் தைத்து, பிரித்து, மறுபடியும் அதே பக்கம் வைத்துத் தைத்தாள். இந்நேரம் பஸ் இறங்கியிருப்பாள். இந்நேரம் கேட்டுக்குள் போயிருப்பாள். மஞ்சள் பூ மரம்வரை மகளோடு நடந்துபோன மனசு, அதற்குமேல் நகராமல் அங்கேயே நின்றுவிட்டது.

சாயங்காலம் மகள் தெருமுனையில் திரும்பும்போதே கட்-ஆஃப் அக்கா பிடித்துக்கொண்டாள். இருவரும் சேர்ந்துதான் வீட்டுக்குள் நுழைந்தார்கள்.

"கிடைச்சிடுச்சாம்!" என்று அக்காவே அறிவித்தாள். பெற்றவளுக்கு அந்தச் செய்தியைச் சொல்லும் பாக்கியம்கூட மகளுக்கு இல்லை. "ஏண்டி, அம்மாவைப் பத்திக் கேட்டாங்களா?"

"கேட்டாங்க அக்கா."

"சொன்னியா?"

"சொன்னேன்."

"அப்படிப் போடு! அந்த அஞ்சு மார்க்குதான் காப்பாத்துச்சு. நான் சொல்லல?" என்றபடி, அடுத்த வீட்டுக்குச் சொல்ல அக்கா செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் ஓடினாள்.

மகள் கதவைச் சாத்தினாள். தையல்காரி அறுந்த நூலை ஊசியில் கோர்ப்பதுபோல் பாவனை செய்துகொண்டிருந்தாள். நூல் காதுக்குள் போகவில்லை.

"என்னடி சொன்னே?"

"எங்க வீட்ல காலேஜ் படி ஏறுற முதல் ஆள் நான்தான்னு சொன்னேன். பத்து மார்க் போட்டாங்க."

தையல்காரி நூல் நுனியை எச்சில் தொட்டு மறுபடியும் முறுக்கினாள்.

"எப்பலேருந்து தெரியும்?"

"சின்னப் பிள்ளையிலேருந்தே. மணிக்கூண்டு, மேல்மாடி, மரம்... நீ சொன்ன எதுவுமே பஸ் ஜன்னல்ல தெரியுறதைத் தாண்டிப் போனதே இல்லம்மா."

"உன் வயசுல தினமும் அந்த பஸ்லதான் கம்பெனிக்குத் தைக்கப் போவேன்," என்றாள் தையல்காரி, துணியைப் பார்த்தபடி.

மகள் அவள் கையிலிருந்த ஊசியை வாங்கி நூலைக் கோர்த்துக் கொடுத்தாள்.

"அடுத்த வாரம் அம்மாக்களையும் உள்ள கூப்பிட்டிருக்காங்க. நல்ல புடவையா கட்டிக்கிட்டு வா. அந்த மரத்துக்குப் பின்னாடி என்ன இருக்குன்னு நான் காட்டுறேன்."