எரிச்சல்

காய்ச்சலுக்காக வார்டில் சேர்ந்திருந்த பேச்சியம்மாள், டிரிப்ஸ் ஏறுகிற கை எரிகிறதென்று காலையிலேயே சொன்னாள். நர்ஸ் ஜெபராணி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "ஊசின்னா எரியத்தான் செய்யும். சும்மா சும்மா கூப்பிடாதீங்க" என்றாள். அதன்பிறகு பேச்சியம்மாள் கூப்பிடவே இல்லை.

மாலையில் டாக்டர் வந்து போர்வையை விலக்கினார். முன்கை வீங்கி, நரம்பு முழங்கைவரை சிவந்த கயிறு மாதிரித் தடித்துக் கிடந்தது. ஊசியை உடனே எடுத்துவிட்டுக் களிம்பு தடவி, மற்றக் கையில் மாற்றிப் போடச் சொன்னார்.

"வலிக்குன்னு சிஸ்டர்ட்ட சொல்லலையா?"

பின்னால் நின்ற ஜெபராணி களிம்பைத் தேடுவதுபோலத் தட்டில் குனிந்தாள். பேச்சியம்மாள் அவள் பக்கம் பார்க்காமலே, "இல்லய்யா. நாந்தான் சொல்லாம இருந்துட்டேன்" என்றாள்.

"வாயத் தொறந்து சொல்லணும்லா?" என்று பேச்சியம்மாளைத்தான் கடிந்துகொண்டு டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போனார்.

ஜெபராணி களிம்பைப் பிதுக்கி, அழுத்தாமல் நரம்பின்மேல் தடவினாள். தோல் கொதித்தது. மன்னிப்புக் கேட்க நினைத்தாள். விரல் மட்டும் அதே இடத்தில் போய்ப் போய் வந்தது.

"போதும்மா, குளுகுளுன்னு இருக்கு" என்று பேச்சியம்மாள் மற்றக் கையை நீட்டினாள். அதில் புது ஊசியைக் குத்தி ஒட்டிவிட்டு, ஜெபராணி அவள் முகத்தருகே குனிந்தாள்.

"இது எரிஞ்சா உடனே சொல்லணும். என்ன?"

பேச்சியம்மாள் வேகமாகத் தலையாட்டினாள். "எரியலம்மா. ஒண்ணுமே செய்யல."

ஜெபராணி இன்னும் டிரிப்ஸைத் திறந்துவிடவே இல்லை.