கழுவாத மண்வெட்டி

எரிசாராயத்துக்கான புல். ஒரு பாத்தியில், உயரமாக வளருமா என்று பார்க்க, வேருக்குப் பாக்டீரியா ஊற்றியிருந்தார்கள். ஒப்பிட்டுப் பார்க்க, பக்கத்துப் பாத்தியில் ஊற்றவில்லை. பாத்தி மாறும்போது மண்வெட்டியை மருந்துத் தண்ணீரில் கழுவ வேண்டும். வாளி காலியான ஒரு மதியம், கூலிக்கு வேலை செய்த சீனியம்மாள் பாக்டீரியாப் பாத்தியிலிருந்து வந்து, கழுவாமலே பக்கத்துப் பாத்தியைக் கொத்தினாள். இப்போது இரண்டு பாத்தியிலும் புல் ஆளை மறைத்தது.

“ரெண்டும் ஒரே உயரம். பாக்டீரியாவால பிரயோசனமில்லைனு எழுதி அனுப்பிட்டேன்” என்றாள் ஆராய்ச்சி செய்த ஜெசிந்தா. “ஆறு வருசம்க்கா.”

சீனியம்மாள் தான் செய்ததைச் சொன்னாள்.

ஜெசிந்தா திட்டவில்லை. “குப்பியில மிச்சமிருந்த பாக்டீரியா எல்லாத்தையும் காலையிலதான் கொதிக்க வச்சுக் கொன்னேன்.”

“மண்ணுல உசுரோட இருக்குமே, மேடம்?”

“இருக்கும். இனிமே நான் சொன்னா யாரு நம்புவா?”

பாத்திகளை அழிக்க வந்து நின்ற டிராக்டர்காரனுக்கு ஜெசிந்தா கையைக் காட்டினாள். புல் சாயத் தொடங்கியது.