விமானம் ஒருத்திக்கு, தேயிலை ஒருத்திக்கு

“நான் பிறந்த தேதியில மனுஷன் முதன்முதலா விமானத்துல பறந்தான். உன் தேதியில என்னக்கா நடந்தது? பெட்டி பெட்டியா தேயிலையைக் கடல்ல கொட்டினாங்க!”

பட்டன் தைக்க ஊசியில் நூல் கோத்துக்கொண்டே சொல்லிவிட்டுச் சிரித்தாள் சின்னவள். தையல் இயந்திரத்தை மிதித்துக்கொண்டிருந்த பெரியவளின் கால் சட்டென்று நின்றது.

இருவரும் இரட்டைப் பிறவிகள். வீட்டின் முன்னறைதான் அவர்களுடைய தையல் கடை. ஒரே நூல்கண்டு, ஒரே கத்தரிக்கோல், ஒரே மூக்கு. பிறந்த தேதி மட்டும்தான் வேறு. பெரியவள் டிசம்பர் பதினாறு, ராத்திரி பன்னிரண்டு அடிக்க மூன்று நிமிஷம் இருக்கும்போது. சின்னவள் பன்னிரண்டு அடித்து நாலு நிமிஷம் கழித்து, பதினேழு. இடையில் இருக்கும் அந்த ஏழு நிமிஷம்தான் இத்தனை வருஷமாக வீட்டில் சண்டை மூட்டுகிறது.

சுவரில் தொங்கும் நாட்காட்டியின் ஒவ்வொரு தாளிலும் ‘வரலாற்றில் இன்று’ என்று அடியில் ஒரு வரி இருக்கும். வருஷா வருஷம் பதினாறுக்குத் தேயிலை, பதினேழுக்கு விமானம். சின்னவளுக்கு வரும் வாழ்த்து அட்டையிலெல்லாம் விமானம் பறக்கும். பெரியவளுக்கு ஒரு தடவை மாமா டீ கப் வாங்கிக் கொடுத்தார். அந்தக் கப்பை அவள் இன்றுவரை தொட்டதில்லை.

“அந்த நாட்காட்டிக்காரனுக்கு என் தேதிக்கு வேற எதுவுமே கிடைக்கலையாமா?”

“கொட்டினதும் வரலாறுதான்க்கா. அமெரிக்காவுல வரியை எதிர்த்துப் பெரிய போராட்டமாம். நம்மகிட்ட தைக்கக் கொடுக்கிற டீச்சரம்மா சொன்னாங்க.”

“அப்போ அதை நீ எடுத்துக்கோ. விமானத்தை எனக்குக் கொடு.”

“அது மட்டும் முடியாது! மூணு நிமிஷம் பொறுத்து வந்திருக்கலாம்ல? எப்பவுமே அவசரம் உனக்கு.”

சின்னவள் தங்கமானவள்தான். பொம்மை, பாவாடை, கடைசி பிஸ்கட் எல்லாவற்றையும் பங்கு போடுவாள். விமானத்தை மட்டும் விட்டுத்தர மாட்டாள். கேக் வெட்டுவதும் எப்போதும் பதினேழாம் தேதிதான். பதினாறு என்பது பதினேழுக்கு முந்தின நாள். அந்த வீட்டில் அதற்கு அவ்வளவுதான் மரியாதை.

இன்று பதினாறு. நாற்பது முடிகிறது. பெரியவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

“இந்த வருஷத்துலேர்ந்து தனித்தனி. எனக்கு இன்னைக்கு, உனக்கு நாளைக்கு. நாளைக்கு உன் கேக் இருக்கிற பக்கம் நான் தலைவச்சுக்கூடப் படுக்க மாட்டேன்.”

சின்னவளின் சிரிப்பு அப்படியே உறைந்தது. “விளையாட்டுக்குத்தானேக்கா சொன்னேன். நாம ஒரு தடவைகூடத் தனியா வெட்டினதில்லையே...” என்றாள். கண்ணில் நீர் கட்டிக்கொண்டது.

பெரியவளுக்கும் தனியாக வெட்ட மனசில்லை. ஆனால் ஏறின கோபத்திலிருந்து இறங்கி வர ஒரு படியாவது வேண்டாமா? தேடினாள். கிடைத்தது.

“சரி, கேளு. என் நேரம் வெறும் மூணு நிமிஷம்தானே உதைக்குது? ஆஸ்பத்திரிக் கடிகாரத்தைப் பார்த்தவங்க தப்பாச் சொல்லியிருக்கலாம். நம்மகிட்ட சட்டை தைக்கக் கொடுக்கிற அந்த ஆஸ்பத்திரி நர்ஸம்மா கையிலதான் பழைய பிரசவப் பதிவெல்லாம் இருக்கு. போய்ப் பார்க்கிறேன். பன்னிரண்டுக்கு அப்புறம்னு இருந்தா நானும் விமானத்துல ஏறிடுவேன், நாளைக்குச் சேர்ந்தே வெட்டுவோம். இல்லேன்னா உன் வழி உனக்கு, என் வழி எனக்கு.”

“போக்கா, சீக்கிரம் போ!” சின்னவளே ஓடிப்போய் அவளுடைய செருப்பை எடுத்துப் போட்டாள்.

உள்ளே ஒரு டம்ளர் விழுந்து உருண்டது. அடுத்த நொடி அப்பா ஓடி வந்து வாசலை மறித்து நின்றார். பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகத்தில் முப்பத்தைந்து வருஷம் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு பக்கத்தில்கூட அடித்தல் திருத்தல் கிடையாது என்று பேர் வாங்கியவர்.

“எதுக்கும்மா இந்த வெயில்ல?”

“எங்கப்பா வெயில்? காலையிலேர்ந்து மூடிக்கிட்டு இருக்கு.”

“அந்த நோட்டெல்லாம் கரையான் அரிச்சிருக்கும்.”

“போன வாரம்தான் தூசி தட்டி அடுக்கினோம்னு நர்ஸம்மா சொன்னாங்க. நீங்க வழிய விடுங்கப்பா.”

“பெத்தவளுக்குத் தெரியாத நேரமா நோட்டுல இருக்கப் போகுது? ஏய், நீயாவது சொல்லேன்!”

அம்மா கையைத் துடைத்துக்கொண்டு அடுக்களையிலிருந்து வந்தாள். வலியில் கிடந்தபோது கடிகாரம் எப்படிப் பன்னிரண்டு அடித்தது என்று வருஷா வருஷம் ‘டங், டங்’ என்று நடித்தே காட்டுகிறவள் அவள்தான். இன்று கணவரை மேலும் கீழும் பார்த்தாள்.

“உங்க நோட்டுல அடித்தல் விழக் கூடாதுன்னு நாற்பது வருஷம் மணி அடிச்சாச்சு. என் தொண்டையும் போச்சு. இனிமே நீங்களே சொல்லிக்கோங்க.”

பெண்கள் இருவரும் அப்பாவைப் பார்த்தார்கள். அப்பா தரையைப் பார்த்தார்.

“கேக் இன்னைக்கே வாங்கிடலாம்மா, ரெண்டு பேருக்கும் சேர்த்து,” என்றார் மெல்ல. “நீங்க ரெண்டு பேருமே பிறந்தது பதினாறாம் தேதி பட்டப்பகல்ல. நான் ஆபீசுக்கு ஓடி வந்து உன் வரியை எழுதினதுமே, தலைகால் புரியாம எல்லாருக்கும் மிட்டாய் கொடுக்கக் கிளம்பிட்டேன். மறுநாள் காலைல வந்து இவ வரியை எழுதும்போது, பழக்க தோஷம், கை தன்னால அன்னைய தேதியைப் போட்டுடுச்சு!”